வேடம் யாருக்கு உரியது?
மலையகக் கூத்திலும் பள்ளி அரங்கிலும் பாத்திரத் தெரிவு

நாடகத்தை விமரிசனம் செய்வோர் பெரும்பாலும் திரை விலகிய நேரத்திலிருந்தே தம் பார்வையைத் தொடங்குகின்றனர். கதைப்போக்கு, உரையாடல், நடிப்பு, ஒப்பனை ஆகியவை ஒவ்வொன்றாக எடைபோடப்படுகின்றன. ஆனால் பல வாரங்களுக்கு முன்னரே, ஆளரவமற்ற ஒரு வகுப்பறையிலோ வெளிமுற்றத்திலோ, ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டு முடிந்துவிட்டது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘அரசன் வேடம் இவனுக்கு, வாயில்காப்போன் வேடம் அவனுக்கு’ என்பதே அத்தீர்ப்பு. எவனுடைய குரலை அரசனின் குரலென்று நம் செவி ஏற்றுக்கொள்கின்றது, எவனுடைய குரலை ஏவலாளின் குரலென்று ஒதுக்குகின்றது என்பது அங்கே வெளிப்படுகின்றது. ஆதலின் பாத்திரத் தெரிவை ஒரு சமுதாயம் தன் நாடகத்தின்மேற் செய்யும் முதல் விமரிசனம் எனக் கொள்ளலாம்.

அவ்விமரிசனம் நம் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் எவ்வாறு நிகழ்ந்து வந்தது, நம் பள்ளி அரங்குகளில் எவ்வாறு நிகழ்கின்றது, இரண்டில் எது எதனிடம் கற்க வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பழம்பொருள் கூறும் நாடகங்களே ஈண்டு கருதப்படுகின்றன. சமூக நாடகத்தில் நடிகன் தன் அயலவனாக நடிக்கிறான். புராண, சரித்திர நாடகத்திலோ தான் ஒருபோதும் ஆகமுடியாத ஒருவனாக நடிக்கிறான். ‘இவன் அதற்குத் தகுவானா?’ என்னும் வினா அங்கேதான் கூர்மையடைகின்றது.

நூல்கள் கூறுவன

தமிழில் இப்பொருள் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஒரு கலைஞரை அவையின் முன் நிறுத்தித் தகுதி காணும் நிகழ்ச்சியை விரிவாகக் கூறுகின்றது. மாதவி ஐந்தாம் வயதிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதிற் சோழ மன்னன் முன் ஆடிக் காட்டுகின்றாள். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகின்றாள். அரங்கின் அளவும் கூறப்படுகின்றது. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல்.

இவற்றை நாம் அனைவரும் வகுப்பறையிற் கற்பிக்கின்றோம். ஆனால் இளங்கோவடிகள் மாதவியின் ஆடலைச் சொல்லுமுன் எவற்றைச் சொல்கிறார் என்பதை அத்துணை அழுத்தமாகச் சொல்வதில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழோன் ஆகிய அறுவரின் தகுதிகளை அவர் நிரல்படக் கூறுகின்றார். ஆடுபவள் அளக்கப்படுமுன் ஆட்டுவிப்போர் அளக்கப்படுகின்றனர். நான் வெளிவாரிப் பட்டத் தேர்வுக்காக இக்காதையைப் பலமுறை மனனம் செய்தவன். எனினும் இவ்வரிசையின் கருத்து நெடுங்காலம் எனக்குப் புலப்படவில்லை. புலப்பட்ட விதத்தைப் பின்னர்க் கூறுவேன்.

பரத முனிவர் பெயரால் வழங்கும் நாட்டிய சாத்திரமும் வேடப் பங்கீட்டை ஒரு தனிப் பொருளாகக் கொண்டு பேசுகின்றது. ஆண் ஆண்வேடமும் பெண் பெண்வேடமும் புனைவது அநுரூபம். இளையோன் முதியோனாகவும் முதியோன் இளையோனாகவும் வருவது விரூபம். ஆண் பெண்வேடம் புனைவது ரூபாநுரூபம் என்பது அதன் வகுப்பு. நடிகன் தன் உருவத்துக்கு ஒத்த வேடத்தையே ஏற்க வேண்டும் என்னும் கட்டாயம் அம்முனிவருக்கு இல்லை. உருவமும் வேடமும் மாறுபடுதலையும் கலைக்குள் அவர் அடக்கினார்.

தொழில்முறை நடிகரல்லாதார் நடத்திய நாடகங்களுட் பெரும்புகழ் பெற்றவை பம்மல் சம்பந்த முதலியார் 1891ஆம் ஆண்டிற் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபையின் நாடகங்கள். வழக்கறிஞர்களும் உத்தியோகத்தரும் அங்கே வேடம் பூண்டனர். முதலியாருடன் கதாநாயகி வேடத்தில் நடித்த அவர் நண்பர் ரங்கவடிவேலு முதலியாரும் சட்டம் படித்தவரே. கற்றோர் மேடையேறுதல் இழிவு என்னும் எண்ணத்தை அச்சபை மாற்றியது. இலங்கையிலும் அதன் செல்வாக்கினால் சபைகள் தோன்றின. நம் கல்லூரி நாடகங்கள் இவ்வழியில் வந்தவை. ஆனால் அதே காலத்தில் அவ்வழி அறியாத வேறொரு பயில்முறை அரங்கு, நமக்கு மிக அருகில், ஹற்றன் நுவரெலியா மலைச்சரிவுகளில் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் நடிகர் அனைவரும் நாட்கூலிகள்.

லயத்து முற்றத்தில்

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்காகவும், 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்டதன் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்காகவும், தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் கையிற் கொண்டுவந்த பொருள் சிறிது. நெஞ்சிற் கொண்டுவந்தது பெரிது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் அவற்றுள் தலையாயவை. இவற்றுள் பொன்னர் சங்கர், கொங்கு நாட்டுச் சகோதரர் இருவரின் வீரத்தையும் வீழ்ச்சியையும் அவர்தம் தங்கையின் துயரையும் கூறுவது. நம் நாட்டார் அரங்கின் சரித்திர நாடகம் என அதனைச் சொல்லலாம். காமன் கூத்தோ ஆண்டுதோறும் மாசி மாத அமாவாசை கழிந்தபின் காமன் கம்பம் ஊன்றித் தொடங்கி, பௌர்ணமியை ஒட்டிக் காமதகனத்துடன் முடிவது. மன்மதன், ரதி, தேவேந்திரன், தூதன், வீரபத்திரன், எமன் எனப் பாத்திரங்கள் பல. ரதியும் ஆணே.

நான் ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவன். என் தந்தையார் பல ஆண்டுகள் தூதன் வேடம் பூண்டவர். ஆதலின் எங்கள் தோட்டத்தில் வேடத்துக்கு ஆள் தெரிந்த முறையைக் கண்டும் கேட்டும் அறிவேன். பிற தோட்டங்களில் வழக்கங்கள் வேறுபடலாம்.

முதலாவது, குரல். வேடம் விரும்பியவன் மேல் லயத்தின் கோடியில் நிற்க வேண்டும். கூத்து வாத்தியார் கீழே காமன் பொட்டலில் தப்புக்காரருடன் நிற்பார். பனிமூட்டத்தினூடே, தப்பொலியை ஊடறுத்து, சொல் சொல்லாக வந்து விழவேண்டும். ஓசை மட்டும் வந்து சொல் வராவிடின், ‘தொண்டை இருக்கு, வாய் இல்ல’ என்பார் வாத்தியார். ஒலிபெருக்கி இல்லாத அரங்கில் இதைவிடச் செம்மையான சோதனை வேறென்ன?

இரண்டாவது, நினைவு. கூத்துப் பாடல்கள் வாத்தியாரின் பழங்கொப்பியொன்றில் இருந்தன. அதை வாசிக்கத் தெரிந்தோர் சிலரே. மாலையில் ஒரு தருவைச் செவிவழி சொல்லிக்கொடுப்பார். மறுநாள் கவ்வாத்து மலையில், அடுத்த நிரையில் நின்று வேலை செய்துகொண்டே, ‘எங்க, நேத்துச் சொன்னத எடு’ என்பார். கையிற் கத்தி ஓட, வாயிற் பாட்டு ஓடவேண்டும். மூன்றாவது, கால். மழையில் நனைந்த சரிவில், கனத்த முடியும் தோளணியும் சுமந்து, இரவெல்லாம் ஆட வேண்டியவனுக்கு அடவு தெரிந்தால் மட்டும் போதாது. தரை தெரிந்திருக்க வேண்டும். நான்காவது, ஒழுக்கம். காப்புக் கட்டிய நாள்முதல் விரதம். குடிப்பவன் எத்துணைப் பாடினும் மன்மதன் ஆகான்.

ஐந்தாவது சோதனையை எவரும் சோதனை என்று பெயரிட்டு அழைத்ததில்லை. ரதி வேடத்துக்கு ஆள் எடுக்கும் மாலையில் பெண்கள் லயத்து வாசல்களில் வந்து நிற்பார்கள். மன்மதன் எரிந்தபின் ரதி பாடும் புலம்பலே கூத்தின் உயிர். புலம்பல் பெண்களின் கலை. இழவு வீட்டில் ஒப்பாரி சொல்லிப் பழகிய காதுகள் அவை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது நிகழ்ந்த ஒரு தெரிவை நான் மறந்ததில்லை. இரு இளைஞர் ரதி வேடத்துக்கு நின்றனர். ஒருவன் சிவந்த மேனியன், இனிய குரலினன், பெண்ணுடை தரித்தால் எவரும் ஏமாறுவர். மற்றவன் கறுத்து மெலிந்தவன். முன்பல் ஒன்று உடைந்தவன். இருவரும் புலம்பலின் முதற் பகுதியைப் பாடினர். வாத்தியார் முதலாமவனையே நோக்கிக்கொண்டிருந்தார். அப்பொழுது, கொழுந்துக் கூடையை இன்னும் இறக்காமல் நின்ற ஒரு முதியவள் சொன்னாள்: ‘அவன் நல்லா அழுகுறான் வாத்தியாரே. இவன் நம்மள அழ வைக்கிறான்.’

வேடம் இரண்டாமவனுக்குப் போயிற்று. மெய்ப்பாடு என்பது நடிப்போனிடம் தோன்றி அவனிடமே முடிவதன்று, காண்போர் உள்ளத்திற் சென்று நிறைவதே என்பதை அறிஞர் எத்தனையோ பக்கங்களில் விளக்கியுள்ளனர். எழுத்தறியாத அம்முதியவள் அதனை இரண்டு வாக்கியங்களிற் சொன்னாள். அதனினும் சிறந்த நாடக விமரிசனத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

எமன் வேடத்துக்கு அவர்கள் தேடியது வேறு. சங்கரதாஸ் சுவாமிகள் எமனும் சனியும் போன்ற வேடங்களில் நடித்தபோது அவரது தோற்றமும் குரலும் கண்டு கருவுற்ற பெண்ணொருத்தி அதிர்ச்சியுற்றாள் என்றும், அதன்பின் அவர் வேடம் பூணுவதை விட்டு ஆசிரியராகவே அமைந்தார் என்றும் ஒரு செய்தி நாடக உலகில் வழங்கி வருகின்றது. எங்கள் முதியோர் அச்செய்தியைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆயினும் எமன் வேடத்தை உரத்த குரலினனுக்குக் கொடாது, நிதானம் மிக்கவனுக்கே கொடுத்தனர். ‘அவனுக்கு நிறுத்தத் தெரியும்’ என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

இத்தெரிவின் முழுப்பொருளை அறிய, அதே மக்கள் அன்றாடம் உட்பட்ட இன்னொரு தெரிவையும் நோக்க வேண்டும். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் அவர்கள் நிற்பார்கள். யார் எந்த மலைக்கு, யார் கவ்வாத்துக்கு, யார் கொழுந்துக்கு என்று கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பிரிப்பார்கள். ஒரு நாள் வேலைக்கான கணக்கு, தோட்ட வழக்கில், ‘பேர்’ எனப்படும். வேலை குறைந்தால் ‘அரைப்பேர்’. அங்கே மனிதன் கைகளால் அளக்கப்பட்டான். மாலையிற் காமன் பொட்டலிலோ, அதே மனிதன் குரலால், நினைவால், துயரை உணர்த்தும் ஆற்றலால் அளக்கப்பட்டான். ஆண்டில் பதினைந்து நாளேனும் அவனுக்கு முழுப் பேர் கிடைத்தது. கூத்து அம்மக்களுக்கு ஏன் உயிரினும் இனியதாயிற்று என்று வினவுவோர்க்கு இதுவே என் விடை.

பள்ளி மேடையில்

இனி, என் தவற்றைக் கூறவேண்டும். சுமார் பத்தாண்டுகளுக்கு முன், நான் கற்பித்த பள்ளியொன்றில் ஒரு சரித்திர நாடகத்தைத் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கனின் வீழ்ச்சியே பொருள். 1798ஆம் ஆண்டில் அரியணை ஏறி, 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் ஆங்கிலேயரிடம் அகப்பட்டு, வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு, 1832ஆம் ஆண்டில் அங்கேயே மறைந்தவன் அவன். மலைநாட்டு மாணாக்கர் நடிப்பதற்கு ஏற்ற பொருள் என்று மகிழ்ந்தேன்.

நடிகர் தெரிவை நான் நடத்திய முறை இது. உரையாடற் பகுதியொன்றைத் தட்டச்சிட்டு ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன். அறைக்குள் ஒருவர் ஒருவராக அழைத்து வாசிக்கச் செய்தேன். உச்சரிப்புக்கு இத்தனை, தடையின்மைக்கு இத்தனை, தோற்றத்துக்கு இத்தனை எனப் புள்ளியிட்டேன். தோட்டத்து லயமொன்றிலிருந்து வந்த மாணாக்கன் ஒருவன் அரசன் வேடத்தை விரும்பி வந்தான். தாளைக் கையில் வாங்கியதும் தடுமாறினான். ‘காற்று’ என்பதைக் ‘காத்து’ என்றான். ‘வாழ்வு’ என்பதில் ளகரம் ஒலித்தது. மூன்றாவது வரியிலேயே போதும் என்றேன். அவனுக்குத் தீவட்டி ஏந்தும் ஏவலாள் வேடம். பேசாத வேடம். அரசன் வேடம், நகரத்தில் வளர்ந்த, தெளிவாக வாசித்த வேறொருவனுக்கு. நாடகம் நடந்தது, நன்றாகவே நடந்தது என்றனர். எனக்கும் உறுத்தல் எதுவும் இல்லை.

அடுத்த மாசியில், உறவினர் அழைப்பின்பேரில் அம்மாணாக்கனின் தோட்டத்துக் காமன் கூத்துக்குச் சென்றேன். மன்மதனாக வந்தவன் அவனே. இரவு பத்து மணிக்குத் தொடங்கியவன், கையிற் கொப்பியின்றி, ஓரிடத்தும் தயங்காமல், விடியும்வரை பாடினான். பாடிய தமிழ், தோட்டத்துப் பேச்சுத் தமிழன்று. விருத்தமும் தருவும் கொண்ட செய்யுட்டமிழ். என் நாடக உரையாடலினும் அது கடினமானது. ‘இவன் வாயில் வாராது’ என்று நான் விலக்கிய மொழியை அவன் எட்டு மணிநேரம் சுமந்து நின்றான். காலையில் அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தவனிடம், ‘இதை ஏன் தம்பி அன்று எனக்குக் காட்டவில்லை?’ என்றேன். அவன் குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான்: ‘சேர், நீங்க வாசிக்கத்தானே சொன்னீங்க. பாடச் சொல்லலியே.’

அரங்கேற்று காதையின் வரிசை அப்பொழுதுதான் எனக்குப் புலப்பட்டது. ஆட்டுவிப்போன் அளக்கப்படாமலே ஆடுவோனை அளந்தேன். நான் நடத்தியது வாசிப்புத் தேர்வு, நாடகத் தேர்வன்று. இன்னொன்றும் நினைவுக்கு வந்து என்னை நாணச் செய்தது. அரியணை ஏறுமுன் அம்மன்னனின் பெயர் கண்ணுசாமி. மதுரைப் பக்கத்து நாயக்கர் வழிவந்தவன். எங்கள் லயங்களின் பெயர்ப் பதிவேட்டில் எத்தனையோ முறை எழுதப்பட்ட பெயர் அது. கடல் கடந்து வந்த தமிழ்ப் பெயரொன்றைத் தாங்கிய அரசனாக நடிக்க, கடல் கடந்து வந்தோரின் வழிவந்தவன் தகான் என்று தீர்ப்பளித்தவன், அதே லயத்திற் பிறந்த நானே.

உச்சரிப்பு என்னும் அளவுகோல்

இது என் ஒருவனின் தவறாக இருப்பின் எழுத வேண்டியதில்லை. பள்ளி நாடகங்களிலும் போட்டிகளிலும் ‘சுத்தமான உச்சரிப்பு’ என்னும் அளவுகோல் பெரும்பாலும் வினாவின்றி ஏற்கப்படுகின்றது. அது எவருடைய உச்சரிப்பு?

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் ‘காற்று’, ‘நேற்று’ போன்ற சொற்களில் வரும் றகர இரட்டை தன் பழைய இயல்போடு காக்கப்படுகின்றது. மலையக வழக்கில் அது தகரமாகின்றது. உண்மையே. ஆனால் ழகரமோ யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கின்றது. ஆகவே ஒவ்வொரு வழக்கும் ஒன்றைக் காத்து ஒன்றை இழந்துள்ளது. ஒருவர் இழந்ததைப் பிழை என்றும், மற்றவர் இழந்ததை இயல்பு என்றும் கொள்வது மொழியறிவின்பாற்பட்டதன்று; பழக்கத்தின்பாற்பட்டது. தொல்காப்பியர் செய்யுளுக்கு உரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்து, செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்துச் சொல்லுக்கும் செய்யுளில் இடங்கொடுத்தார். செய்யுளுக்கே தகுந்த திசைவழக்கு நாடகத்துக்குத் தகாதோ?

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம்: ‘சரித்திர நாடகத்துக்குச் செந்தமிழ் வேண்டும், அரசன் கொச்சையாகப் பேசலாமா?’ இம்மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை தம் சமூக நாடகங்களில் யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழைத் துணிந்து கையாண்டவர். எனினும் ‘சங்கிலி’ என்னும் சரித்திர நாடகத்துக்கு அவர் கொண்ட நடை வேறு. தொலைவிலுள்ள காலத்தைக் காட்ட, தொலைவிலுள்ள மொழி வேண்டும் என்பது நியாயமே. ஆனால் செந்தமிழ் வேண்டும் என்பது வேறு. செந்தமிழைச் சிலர் வாயிலிருந்து மட்டுமே கேட்க விரும்புவது வேறு. நான் கண்ட மன்மதன் செந்தமிழையே பாடினான். மூன்று தலைமுறைகளாக, பள்ளி வசதி மிகக் குறைந்திருந்த நாளிலும், லயத்து மக்கள் கூத்தின்வழி அம்மொழியைச் செவியிலும் நாவிலும் வைத்துக் காத்தனர். அதனை நாம் கல்வி என்று எண்ணாததே குறை.

பேராதனை தந்த பாடம்

கற்றோர் அரங்கு நாட்டார் கலைஞனிடம் சென்று கற்ற காலமும் உண்டு. 1956ஆம் ஆண்டில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை உருவாக்கியபோது, பழைய நாடகம மரபில் வந்த சார்ள்ஸ் சில்வா குருநான்சேயைத் துணையாகக் கொண்டார். பல்கலைக்கழக மாணாக்கர் அம்மரபைப் பயின்று நடித்தனர். தமிழில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ ஆகியவற்றை மேடையேற்றினார். மட்டக்களப்பிலே சிறுவயது முதற் கூத்துப் பழகிய சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். ஊரிற் பெற்ற ஆட்டமும் பாட்டும் பல்கலைக்கழக மேடையிற் குறையாகக் கருதப்படவில்லை, அவையே தகுதியாயின. அத்தெரிவே அந்நாடகங்களின் வெற்றிக்குப் பாதி காரணம் என்பேன்.

பேராதனை மலைநாட்டில் உள்ளது. அதன் சுற்றுப்புறமெங்கும் தேயிலை. எனினும் அவ்வியக்கத்தில் முதன்மை பெற்றது மட்டக்களப்புக் கூத்தே. அருகிலிருந்த லயத்துக் கூத்துக்கு அத்தகைய மேடை அன்று வாய்க்கவில்லை. இதனைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. தோட்டப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தை எட்டுதல் அரிதாயிருந்த காலம் அது. தம் கூத்தைத் தாமே கொண்டுசெல்ல அங்கு அவர்கள் இல்லை.

அதே காலத்தில் மற்றொரு தெரிவும் நிகழ்ந்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பிரித்தது; எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் உடன்பாடு சரிபாதியாக்கியது. எங்கள் தோட்டத்துக் கூத்துக் குழுவும் அவ்வாறே பிரிந்தது என்பார் தந்தையார். வாத்தியார் கப்பலேறினார், கொப்பி அவருடன் சென்றது. நீலகிரியில் 1968ஆம் ஆண்டு முதல் தாயகம் திரும்பியோருக்கென அமைந்த அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அவர் வேலை பெற்றார் என்று பின்னர்ச் செய்தி வந்தது. இங்கே எஞ்சியவர்கள், நினைவிலிருந்த பாடல்களைக் கூட்டி, விடுபட்ட இடங்களைத் தாமே இட்டு நிரப்பி, மறு மாசியில் மீண்டும் கம்பம் ஊன்றினர். அவ்வாண்டு வேடத்துக்குத் தகுதி ஒன்றே: யாருக்கு அதிகம் நினைவிருக்கின்றது?

கூத்தின் குறைகள்

கூத்துமுறையைக் குற்றமற்றதெனப் புகழ்வது விமரிசனமாகாது. அதில் இரண்டு பெருங்குறைகள் உண்டு. ஒன்று, சாதி. முற்காலத்தில் எங்கள் தோட்டத்தில் மன்மதனும் ரதியும் குறிப்பிட்ட சில குடும்பங்களுக்கே உரியவை. கூத்தின் நாடியாகிய தப்பை முழக்கியோர் பொட்டலின் ஓரத்தில் நின்றனர். அவர் பிள்ளைகள் எத்துணைப் பாடினும் முடி தரிக்கவில்லை. குரலை அளந்த சபை, குரலுக்கு முன்னரே குலத்தை அளந்திருந்தது. இவ்வழக்கம் நாளடைவில் தளர்ந்தது. தளர்ந்தபின் கூத்தின் தரம் உயர்ந்ததேயன்றித் தாழவில்லை.

மற்றொன்று, பெண். தேயிலைத் தோட்டத்தின் கொழுந்தெடுப்பவர் பெண்கள். ஒப்பாரியின் உரிமையாளர் பெண்கள். ரதியைத் தேர்ந்து தந்த தீர்ப்பும் ஒரு பெண்ணுடையதே. ஆயினும் ரதியாக நிற்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ‘அழ வைக்கிறான்’ என்று சொன்ன அம்முதியவள் தானே பாடியிருந்தால் எவ்வாறு இருந்திருக்கும் என்று அன்று எவரும் கேட்கவில்லை. நானும் நெடுநாள் கேட்கவில்லை. இவ்வகையிற் பள்ளி அரங்கு கூத்தைவிட முன்னேறியது. அங்கே பெண்பிள்ளைகள் மேடையேறுகின்றனர். ஆகவே ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றுமாறு நான் கூறவில்லை. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றன் குறையை மற்றொன்றால் திருத்தலாம் என்கிறேன்.

செய்யத்தக்கன

இம்மலரைப் படிக்கும் ஆசிரியத் தோழர்களும், நாளை ஆசிரியராகப் போகும் மாணாக்கரும் சிந்திக்கச் சில முறைகளைக் கூறி முடிக்கின்றேன். இவற்றை நானே பின்வந்த ஆண்டுகளிற் கையாண்டு பார்த்துள்ளேன்.

தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்வதை முதற் சோதனையாக வைத்தலாகாது. ஆசிரியர் உரையாடலைப் பலமுறை வாய்விட்டுச் சொல்லி, செவிவழி ஏற்கச் செய்து, இரண்டு நாள் கழித்துக் கேட்டல் வேண்டும். எழுத்தில் தடுமாறும் நா, செவிவழி வந்ததைத் தடுமாறாது சொல்வதைக் கண்டு வியந்துள்ளேன். றகர ழகரத் திருத்தம் தெரிவுக்குப் பின் செய்யும் பயிற்சி. அது தெரிவுக்கு முன் இடும் வேலி ஆகலாகாது. ஆறு வாரப் பயிற்சியிற் திருத்த முடியாத உச்சரிப்பை நான் கண்டதில்லை. ஆறு வாரத்தில் உண்டாக்க முடிந்த குரலையும் கண்டதில்லை.

தெரிவை மூடிய அறையில் நடத்தாது வெளிமுற்றத்தில் நடத்துக. ஒலிபெருக்கி வேண்டா. புள்ளியிடும் ஆசிரியருடன், பள்ளிக் காவலரையும், சிற்றுண்டிச்சாலை அம்மாவையும், பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த பெற்றோரையும் நின்று கேட்கச் செய்க. யார் பாடியபோது அவர்கள் பேச்சை நிறுத்தினர் என்பதைக் கவனிக்க. விரும்பிய வேடம் எதுவென்று மாணாக்கனைக் கேட்டு, அவ்வேடத்திலேயே ஒருமுறையேனும் அவனைக் காண்க. யாரையேனும் விலக்குவதாயின் காரணத்தை எழுதிவைக்க. எழுதும்போது கை தயங்கினால், தீர்ப்பில் ஏதோ பிழை உள்ளது என்க.

இம்முறையில் நாங்கள் பின்னர் நடத்திய நாடகங்கள் பரிசு பெற்றனவா என்று கேட்பின், சில பெற்றன, சில பெறவில்லை. ஒருமுறை, பொன்னர் சங்கர் கதையைச் சுருக்கி அமைத்தபோது, வகுப்பில் வாய் திறவாத மாணவியொருத்தி தங்கை வேடத்துக்கு வந்தாள். வெளிமுற்றத்தில் நின்று, இறந்த அண்ணன்மாரை எண்ணிப் புலம்பும் பகுதியைத் தன் பாட்டியிடம் கேட்ட ஒப்பாரி மெட்டில் எடுத்தாள். காவலர் வாயிற்கதவை மூட மறந்து நின்றார். வேடம் யாருக்கு உரியது என்பதை அன்று எவரும் விவாதிக்கவில்லை.

சிவன் எரித்த மன்மதன், ரதி வேண்டியதால், அவள் கண்ணுக்கு மட்டும் தோன்றுவானாக என்று வரம்பெற்று எழுந்தான் என்பது புராணம். உருவம் உள்ளவனே, காணும் கண்தான் அரிது. நான் தீவட்டி கொடுத்து நிறுத்திய அம்மாணாக்கன் சாதாரண தரத்தோடு பள்ளியை விட்டுக் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். மாசி மாதத்தில் விடுப்புக் கிடைத்தால் ஊருக்கு வந்து ஆடுகின்றான். கிடைக்காத ஆண்டுகளில் அத்தோட்டத்தில் மன்மதன் இல்லாமற் கம்பம் மட்டும் எரிகின்றது. அவனுக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய அரசன் வேடத்தை இனிக் கொடுக்க இயலாது. அவனைப்போல் இன்னும் பலர் நம் வகுப்பறைகளின் பின்வரிசையில் இருக்கின்றனர். அடுத்த நாடகத்துக்கு ஆள் தேடும் ஆசிரியர், முதலில் அவர்களைப் பாடச் சொல்லிக் கேட்பாராக.